நாலு துளை, நாலு அளவு

மக்கா,

இதை நீ வாசித்து முடிக்கிறவரை உன் அப்பா உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நம் அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு அட்டை எடுக்க அவர் எப்படியும் சிவகாசிக்கு வர வேண்டியவர்தான். ஆனால் இன்றைக்கு அட்டை இரண்டாம் பட்சம். "பிள்ள கடைசி வரிய வாசிச்ச பெறவுதான் நீங்க எந்திரிக்கணும், அதுவரைக்கும் டீ குடிக்கக்கூட வெளிய போகப்படாது" என்று சொல்லித்தான் ரயிலுக்கு அனுப்பினேன். இதையெல்லாம் ஃபோனில் சொன்னால் ஆகாதா என்று நீ நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஆகாது. ஃபோனில் நான் எதை ஆரம்பித்தாலும் "சரிம்மா, வைக்கட்டா?" என்பாய். வைக்காதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வைத்தும் விடுவாய். கடிதமென்றால் நான் பேசி முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேற்று மத்தியானம் கோமதி எனக்கு ஃபோன் செய்தாள். எந்தக் கோமதி என்று கேட்காதே. சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு கோமதி உண்டுதான். நான் சொல்வது சிவகிரிக் கோமதியை, வருகிற ஆவணியில் நீ தாலி கட்டப்போகிற பெண்ணை. அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பேசியிருக்கிறாள். நான் பட்டறையில் சேலைப்பெட்டிகளைக் கட்டுப்போட்டுக் கொண்டிருந்தேன். பஞ்சிங் மெஷின் சத்தத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்தால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம். கடைசியில் கழிவு அட்டை மூட்டைகள் கிடக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அத்தை, நீங்க கோவப்படக் கூடாது. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு தாயி. கோவம் என்ன கோவம்?"

"அவங்களுக்கு வேற யாரையும் பிடிச்சிருக்கா?"

நான் அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் மக்கா அப்படிக் கேக்க?"

"இருந்தா சொல்லிருங்க அத்தை. எனக்கு இஷ்டமில்லன்னு எங்க வீட்டுல நானே சொல்லி நிறுத்திருதேன். அவங்க பேரு வெளிய வராது."

ஏலே, இந்த வரியை இன்னொரு தரம் வாசி. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று. இந்த நேரத்தில் ஒரு பெண் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொன்னால் அவளை அவள் வீட்டிலும் தெருவிலும் என்ன பாடு படுத்துவார்கள் என்று உனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான், உன் பேர் கெட்டுப்போகக் கூடாதென்று அந்தப் பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறாள். உன்னிடமிருந்து எழுத்தில்கூடப் பத்து வார்த்தை வாங்கியிராத பெண்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது தாயி, அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று உடனே சொல்லிவிட்டேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்புறம் அவள் கேட்டாள் பார், "அப்போ என்னைப் பிடிச்சிருக்கா அத்தை?" என்று. தண்ணீர் லாரிக்காரனிலிருந்து கரண்டு ஆபீஸ்காரர் வரைக்கும் யாரோடு வேண்டுமானாலும் நின்று பேசுகிறவள் என்று இந்தத் தெருவில் எனக்குப் பேர். அந்த நான் ஊமையாகி உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் எனக்கே தெரியாது! பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் உன்னிடம் கேட்டேன், "பிடிச்சிருக்காலே?" என்று. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "உங்களுக்குச் சரின்னா சரி" என்றாய். நானும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நிச்சயத் தேங்காய் பழத்துக்குச் சொல்லிவிட்டேன். அன்றைக்கே காரை ஓரங்கட்டச் சொல்லி உன் வாயைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

அவள் இரண்டு தடவை ஃபோன் பண்ணினாளாம். இரண்டு தடவையும் நீ எடுக்காமல் "வேலையில் இருக்கேன்" என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். முகூர்த்தச் சேலையில் இரண்டைப் படம் எடுத்து எது நல்லா இருக்கு என்று கேட்டாளாம். "ரெண்டும் ஓகே" என்றாயாம். ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "என்னை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றே எழுதிக் கேட்டிருக்கிறாள். ஒரு பெண்பிள்ளை அதை எழுத எத்தனை தடவை எழுதி எழுதி அழித்திருப்பாள்? அதற்கு நீ அனுப்பிய பதில் "ம்". நல்லா இருக்கு போ. அந்த "ம்"முக்கு என்னலே அர்த்தம்? ஆமாம் என்றா, பார்ப்போம் என்றா, மாடு சொல்கிறதே அந்த ம்மாவில் பாதியா? அதற்கடுத்து அவள் ஏதோ கேட்க, ஒரு கட்டைவிரல் படம் போயிருக்கிறது. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவளுக்குக் கட்டைவிரலைக் காட்டுகிற மாப்பிள்ளையை நான்தான் பெற்றிருக்கிறேன்.

திட்டிவிட்டேன். இனி கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீ கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒரு பொருளில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்துப் பார்த்து, தேவையில்லாததை எடுத்துவிடுவதுதான் உன் வேலை. அந்த வேலையில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன வருஷம் நீ சிவகாசி வேலைக்குப் போகுமுன் நம் பட்டறையில் இருந்தாயே, அப்போது ராஜபாளையம் ரோட்டில் கலர் சோடா கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி வந்தார். அவர் போடுகிற பன்னீர் சோடாவை ஜனங்கள் ஆறு ஆறு பாட்டிலாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்படி அட்டையில் ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார். வெளியூரிலிருந்து ஒரு மாடலும் கொண்டுவந்தார். அடி, நாலு பக்கம், நடுவில் தடுப்பு, மேலே கைப்பிடி என்று குட்டித் தொட்டில் மாதிரி இருந்தது. உன் அப்பா அதைப் பிரித்து விரித்துப் பார்த்துவிட்டு, "ஒரு ஷீட்டுக்கு மூணுக்கு மேல வராதே அண்ணாச்சி, கட்டுப்படியாகாது" என்று கையை விரித்துவிட்டார்.

நீ ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போலத்தான். ஆனால் மறுநாளிலிருந்து உன் கையில் கத்திரியும் ஸ்கேலும்தான். முதலில் அடியை வெட்டி எறிந்தாய். பாட்டில் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் அடி எதற்கு என்றாய். அப்புறம் பக்கங்கள் போயின, தடுப்பு போயிற்று. கடைசியில் மிஞ்சியது ஆறு துளை போட்ட ஒரு மேலட்டை, நடுவில் விரல் விட்டுத் தூக்க ஒரு வாய். பாட்டில் கழுத்து துளைக்குள் போகும், மூடியின் விளிம்பு அட்டைமேல் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அதோடும் விடவில்லை நீ. ஷீட்டில் ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றின் மூலை போய் உட்காரும்படி மாற்றி மாற்றி அடுக்கி வரைந்தாய். மூன்று வந்த ஷீட்டில் எட்டு வந்தது. அட்டையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே கைப்பிடியை வைத்தால் கிழியாது என்று நீயே பத்து அட்டையைக் கிழித்துப் பார்த்துக் கண்டுபிடித்தாய். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஏ யப்பா, இதுல அட்டையே இல்லையே, எப்படித் தாங்குது?" என்றார். உன் அப்பாவுக்கு அன்றைக்கு நெஞ்சு விம்மிப்போயிற்று. எனக்கும்தான். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆறு பாட்டில் மாட்டி விட்டத்தில் ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டாய். தண்ணீர் தெளித்துப் பார்த்தாய். ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஓட்டிப் பார்த்தாய். எல்லாவற்றையும் தாங்கியது. அப்புறம் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். இளையரசனேந்தலுக்குத் திரும்பிப் போகிற உன் சித்தியை பஸ் ஏற்றிவிட நானும் நீயும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அவள் பிள்ளைகளுக்கென்று உன் புது அட்டையில் ஆறு பன்னீர் சோடா வாங்கி வைத்திருந்தேன். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஆட்கள் ஓடுகிறார்கள். சித்திக்கு மூட்டு வலி. நான் என்ன செய்வேன்? எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஓடிப்போய் ஜன்னல் வழியாக ஒரு சாமானைப் போட்டு சீட் பிடிக்கப் பார்த்தேன். துண்டு இல்லை, பை இல்லை, கையில் இருந்தது சோடாதான். ஜன்னலில் குறுக்குக் கம்பி. நேராக நுழையவில்லை. சாய்த்தேன்.

சாய்த்த மறுகணம் ஒவ்வொரு பாட்டிலாகத் துளையிலிருந்து நழுவி உள்ளே போயிற்று. வெறும் அட்டை மட்டும் என் கையில் நிற்கிறது! உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் வெள்ளை வேட்டியில் பன்னீர் சோடா பொங்கி வழிகிறது. அவர் கத்த, நான் பதிலுக்குக் கத்த, கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கத்த, சித்தி மட்டும் சந்தடி சாக்கில் ஏறி அந்த ஈர சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ பக்கத்தில் வந்து நின்று, அந்தக் களேபரத்திலும் குரலை உயர்த்தாமல், "அத நேரா தூக்கணும்மா" என்றாய். எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏலே, நான் நேராத்தாம்லே நிக்கேன், ஜன்னல்தான் நேரா இல்ல!" என்றேன். சுற்றி நின்ற சனம் சிரித்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. காலியான அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாய்.

அப்புறம் நீ செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மறுபடியும் அடியை ஒட்டு, பக்கத்தை ஒட்டு என்று உன் அப்பா சொன்னார். நீ கேட்கவில்லை. துளைபோடும்போது வட்டமாக அறுந்து கீழே விழுமே கழிவு, தினமும் மூட்டை கட்டிக் கிலோ கணக்கில் போடுகிறோமே, அதை முழுக்க அறுக்காமல் ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தாய். பாட்டில் உள்ளே போகும்போது அந்த வட்டம் நாக்கு மாதிரி மேலே மடங்கி, கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. இப்போது சாய்த்தாலும் விழவில்லை, தலைகீழாக்கினாலும் விழவில்லை. ஒரு துண்டு அட்டைகூடக் கூடவில்லை. நீ வேண்டாமென்று வெட்டி எறிந்துகொண்டிருந்ததுதான் தாங்கியது. மிச்சம் பிடிப்பது என்று சொல்கிறோம், மிச்சம் கிடக்கிறது என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். எதைப் பிடிக்க வேண்டும், எதைக் கிடக்க விட வேண்டும் என்று அட்டையில் உனக்குத் தெரிகிறது. பேச்சில் தெரியவில்லை.

"சாப்பிட்டியா", "அங்கன மழையா", "கடையில கூட்டமா", "அந்தப் பச்சைச் சேலை உனக்கு எடுப்பா இருக்கும்". இதிலெல்லாம் என்ன விஷயம் இருக்கிறது என்று நீ நினைக்கிறாய். பெண் பார்த்தாயிற்று, சரி என்று சொல்லியாயிற்று, தேதி குறித்தாயிற்று. இதற்கு மேல் என்ன பேச்சு, அவளே புரிந்துகொள்வாள் என்பது உன் கணக்கு. அதாவது, அவள் அதை நேராகத்தான் தூக்குவாள் என்பது உன் கணக்கு. அவள் எந்த ஜன்னல் வழியாக இந்தக் கல்யாணத்தைத் தூக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? கடையில் கூட வேலை பார்க்கிற பெண்கள் "மாப்பிள்ளை என்ன பேசினார்" என்று தினமும் கேட்கிறார்களாம். இவள் ஒவ்வொரு நாளும் எதையாவது கட்டிச் சொல்கிறாளாம். "எனக்குக் கதை தீந்து போச்சு அத்தை" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. பேசிக்கொண்டே வந்தவள், "ஒரு தடவை கூரியர்ல எனக்கு ஒண்ணு அனுப்புனாங்க அத்தை" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "என்னது மக்கா?" என்றேன்.

"உங்க பட்டறை சாம்பிள் போலிருக்கு. அட்டை. நாலு துளை போட்டிருந்துச்சு. இந்தப் பக்கம் மேலேன்னு ஒரு அம்புக்குறி. வேற ஒரு வார்த்தை இல்ல. மருந்து பாட்டிலுக்கு ஆர்டர் கேக்காங்க போலன்னு முதலாளிகிட்ட குடுத்தேன். அவரு நாலு இருமல் டானிக்க மாட்டிப் பாத்தாரு. ரெண்டு லொடலொடன்னு ஆடுது, ஒண்ணுல நிக்கவே இல்ல, கீழ விழுந்துட்டு. நாலு துளையும் நாலு அளவு அத்தை! 'இது எதுக்கும் சேராதே தாயி, மாப்பிள்ள அளவு தப்பா எடுத்துட்டாரு போல'ன்னு சொன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அதான் உங்ககிட்டயும் சொல்லல."

"அது இப்ப எங்க இருக்கு?"

"கடை அலமாரி மேலதான் கிடக்கு."

நாலு துளை, நாலு அளவு. நீ ஒரு மயிரிழைகூடத் தப்பாக அளவு எடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரியைக் காட்ட நாம் சிவகிரிக்குப் போயிருந்தோம். அவள் அரைநாள் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டு வாசலில் ஏறினாள். நம்மைப் பார்த்த பதற்றத்தில் கையிலிருந்த கவர் அறுந்து, சோற்று டப்பாவும் குழம்பு டப்பாவும் மோர் பாட்டிலும் தண்ணீர் பாட்டிலும் படியில் உருண்டு ஓடின. பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்து போயிற்று. "பஸ்ல வரையிலயே கிழிஞ்சிட்டு, தினம் இதே பாடுதான்" என்று அவள் அம்மாவிடம் முணுமுணுத்தாள். நீ குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாய். கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் கைக்குள் சுற்றிப் பிடித்துப் பார்த்தாய். மூடியை விரலால் ஒரு தடவை வருடினாய். பட்டறைப் பழக்கம், இங்கேயும் வந்து டப்பாவுக்கு அளவெடுக்கிறானே என்று நான் மனதுக்குள் சலித்துக்கொண்டேன்.

ஏலே கல்லுளிமங்கா, அது சாம்பிள் இல்லை. சோற்று டப்பாவுக்கு ஒரு துளை, குழம்புக்கு ஒன்று, மோருக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. சரிதானே? உலகத்தில் வேறு யாருக்கும், வேறு எந்தப் பாட்டிலுக்கும் சேராத ஒன்றை, அந்த ஒரு பெண்ணுக்காக, அந்த நாலு சாமானுக்காக மட்டும் செய்திருக்கிறாய். பஸ்ஸில் கவர் கிழிகிறது என்று அவள் யாரிடமோ சொன்னது உன் காதில் விழுந்து, ராத்தூக்கம் கெட்டு வரைந்திருக்கிறாய். இதைக் கேட்டபோது எனக்கு அழுகையும் வந்தது, உன் செவிட்டில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் வந்தது. எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போடத் தெரிந்தவனுக்கு, "கோமதி, இது உன் சாப்பாட்டுக்கு" என்று எழுதக் கை வரவில்லையா? அதற்கு எத்தனை மை செலவாகும்?

எனக்கு எப்படி இது பட்டென்று விளங்கியது என்று கேள். எனக்கும் ஒரு தடவை நடந்திருக்கிறது. கல்யாணமான முதல் தீபாவளிக்கு உன் அப்பா ஒரு சேலை வாங்கி வந்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அரக்கு நிறம், மெல்லிய கரை. யாருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் புதுப்பெண். கூட்டுக் குடும்பம். தங்கச்சிக்கு எடுத்திருக்கிறார் போல என்று நினைத்து, அதை மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் என் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டேன். அவள் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். உன் அப்பா பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெடி வாங்கப் போய்விட்டார். நீ பள்ளிக்கூடம் போகிற வயசில் எங்களுக்குள் வேறு எதற்கோ பெரிய சண்டை. "எனக்குன்னு என்னைக்காவது ஒண்ணு வாங்கித் தந்திருக்கீங்களா?" என்று நான் கேட்டபோதுதான் சொன்னார், "மொதத் தீபாவளிக்கு எடுத்தேன், நீதான் தூக்கிக் குடுத்துட்ட" என்று. இத்தனை வருஷமா மனசுக்குள்ளேயே வைத்திருந்தீரே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் எத்தனையோ சேலை கட்டிவிட்டேன். அந்தச் சேலையை நான் கட்டவேயில்லை. உன் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, அவரை நிமிர்ந்து பார். இந்த இடத்தை நீ வாசிப்பது தெரிந்தால் இப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் எனக்கு வாய் இருந்தது. சண்டை போட்டு, கேட்டு, நச்சரித்து, அவரிடமிருந்து வார்த்தையைக் கறந்துகொண்டேன். கோமதி அப்படிப்பட்டவள் இல்லை. அவள் கேட்க மாட்டாள். பிடிக்கவில்லை போல என்று தானே முடிவு செய்துகொண்டு, உன்மேல் தூசி படாமல் ஒதுங்கி வழிவிட்டுவிடுவாள். நேற்றே அதற்குத் தயாராகத்தான் ஃபோன் செய்திருக்கிறாள். அவளை நீ கல்யாணம் செய்துகொண்டாலும் இது தீராது. ஒவ்வொரு தீபாவளிக்கும் இது நடக்கும்.

இப்போது உனக்கு ஒரு சந்தேகம் வரும், அம்மா அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருப்பாளே, அப்புறம் என்ன என்று. நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஏட்டி, கடை அலமாரி மேலருந்து அத எடுத்து உன் டப்பாவ மாட்டிப் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நேற்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடினேன். நான் வாயை மூடியதை நீ பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். நான் சொன்னால் அது மாமியார் சொன்னதாகத்தான் இருக்கும். ஆயுசுக்கும் உனக்கு நான் வாயாக இருக்க முடியாது. உனக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்று நான் நினைப்பதும்கூட ஊகம்தான். நான் நினைத்தது தப்பென்றால், அந்த அட்டை நிஜமாகவே மருந்து பாட்டிலுக்குத்தான் என்றால், அதையும் நீயேதான் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அவளிடம் நான் சொன்னது இதுதான். "மக்கா, கல்யாணம் நிக்கணும்னா அத நீ நிறுத்தக் கூடாது. நான் நிறுத்துதேன். மாப்பிள்ளையோட அம்மைக்குப் புத்தி பிசகிப் போச்சுன்னு ஊரு பேசட்டும், எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. உன் பேரும் வராது, அவன் பேரும் வராது. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோ." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவரும் "அதுதான் ஞாயம்" என்றார். இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு என்று இனி யாரும் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் பெண் வீட்டோடு போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தப் பக்கத்தில் நீ மட்டும் ஒற்றையாக நிற்கிறாய்.

பொறுமை, அனுசரிப்பு, வரவுக்குள் செலவு என்று கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்கு எழுதுகிற புத்திமதியெல்லாம் எனக்கும் எழுதத் தெரியும். எழுதினால் நீ தலையாட்டிக்கொண்டு வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ராஜபாளையம் போய் மாறினால் சாயங்காலத்துக்குள் சிவகிரிக்குப் போய்விடலாம். கடை மூடின பிறகு அவள் அங்கேதான் வந்து பஸ் இறங்குவாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து, அதையும் வெட்டிச் சுருக்கிச் சுத்தமாக்கிக்கொண்டு போகாதே. வளவளவென்று பேசு. உளறு. நடுவில் திக்கினால் திக்கட்டும். "ம்" மட்டும் சொல்லிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

ஃபோனை வைக்கப்போகும்போது அவள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "அத்தை, அவங்க குரலு உங்கள மாதிரி இருக்குமா, மாமா மாதிரி இருக்குமா?" என்று.

பந்தியில் என்ன பாயசம் என்பதுவரை பேசி முடித்த கல்யாணம் இது. பெண்ணுக்கு மாப்பிள்ளையின் குரல் தெரியாது.

நான் அதற்கும் பதில் சொல்லவில்லை, மக்கா. அவளே கேட்டுக்கொள்ளட்டும். எழுந்திரு.

உன் அம்மா